பிக்கப் டிரக்கைத் தாழ்த்த எவ்வளவு செலவாகும்?
அமெரிக்காவில் ஓடும் பின்சக்கர இழுவை செவர்லே சில்வராடோ 1500 பிக்கப்பை முன்னால் 2, பின்னால் 4 அங்குலம் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். இறக்கத் தேவையான பாகங்கள் அடங்கிய கிட், கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1,000 முதல் 2,000 டாலர் ஆகும். கிட்டைவிடக் கூலிதான் பெரும்பாலும் அதிகம்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் ஷாக்கிள், ஹேங்கர் இரண்டையும் மாற்றினால் 4 அங்குலம் கிடைக்கும். பழைய ஹேங்கரின் ரிவெட்டை அறுத்தெடுப்பதில்தான் நேரம் போகும், துருப்பிடித்திருந்தால் இன்னும் மோசம். பழைய ஷாக் அப்சார்பர் நீளமானது. பள்ளத்தில் முழுதாக அமுங்கி அடிதட்டிக் கெட்டுவிடும், குட்டையானதை வாங்குங்கள். 6 அங்குலம் இறக்க ஆசைப்பட்டால் ஆக்சில் சேசிஸில் இடிக்கும். அதற்கு இடம்விட்டுச் சேசிஸில் சி வடிவில் வெட்டும் சி-நாட்ச் செலவும் சேரும்.

அலைன்மென்ட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அதைச் செய்யாவிட்டால் கேம்பர், அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், மாறி டயரின் உள்விளிம்பு கம்பி தெரியுமளவு தேயும். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும்.