பீனா விழுந்த தெரு

கேள்வி: ரோஸலினியின் 'ரோம், ஓப்பன் சிட்டி' பார்த்தேன். யதார்த்த சினிமாவின் தொடக்கம் என்கிறார்கள். கொடூர வில்லன், சித்திரவதை அறை, கடைசியில் பாதிரியார் சுடப்படுவது என்று எனக்கு அழவைக்கும் நாடகமாகத்தான் தெரிந்தது. பழைய படம் என்பதற்காகக் கொண்டாடுகிறோமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் எழுதியது எல்லாம் படத்தின் பிற்பாதி. முற்பாதியில் கதாநாயகிபோல் வரும் பீனாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

1944 மார்ச் 3 அன்று, ஜெர்மானியர் பிடியில் இருந்த ரோமில், பிடித்துச் செல்லப்பட்ட கணவரைப் பார்க்க ராணுவக் குடியிருப்புக்கு வெளியே வந்து நின்ற தெரேசா குல்லாச்சே சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து குழந்தைகளின் தாய், வயிற்றில் இன்னொன்று. ஜூனில் நகரம் விடுதலையானது. 1945 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. வட இத்தாலியில் போர் இன்னும் முடியவில்லை. அந்தத் தாயின் சாவுதான் படத்தில் பீனாவின் சாவு.

அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். அன்று பீனாவுக்குக் கல்யாணம். ஜெர்மானியர் குடியிருப்பைச் சுற்றி வளைக்கிறார்கள். மேல்மாடியில் பையன்கள் ஒளித்து வைத்த ஆயுதங்களை மறைக்க, பாதிரியார் தோன் பியெத்ரோ ஒரு கிழவரைச் சாகக் கிடப்பவர்போல் நடிக்கச் சொல்கிறார். கிழவர் அடங்காததால் வாணலியால் ஒரு போடு. நாம் சிரித்து முடிக்கவில்லை. கீழே மாப்பிள்ளை பிரான்செஸ்கோவை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பீனா அவன் பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறாள். துப்பாக்கிச் சத்தம். விழுந்துவிட்டாள். முகத்துக்கு நெருக்கமான ஷாட் கிடையாது, கடைசி வசனம் கிடையாது. கதாநாயகி என்று நாம் நம்பியிருந்தவள் படத்தின் நடுவிலேயே போய்விடுகிறாள். அடுத்த காட்சியில் எதிர்ப்புப் படையினர் லாரிகளை மறித்து, பிரான்செஸ்கோவை மீட்டுவிடுகிறார்கள்! அவள் சாவுக்கு எந்தப் பலனும் இல்லை. அழவைக்கும் நாடகம் எழுதுகிறவர் ஒரு சாவை இப்படி வீணாக விடுவாரா?

பீனாவாக வரும் அன்னா மன்யானியும் பாதிரியாராக வரும் ஆல்தோ பாப்ரிட்ஸியும் மேடையில் மக்களைச் சிரிக்க வைத்துப் பெயர் வாங்கியவர்கள். வாணலிச் சிரிப்பும் தெருச் சாவும் ஒரே மூச்சில் வருவது அதனால்தான் முடிகிறது. நியோ ரியலிசம், அதாவது நீங்கள் சொல்லும் இத்தாலிய யதார்த்த சினிமா, என்றாலே தொழில்முறை நடிகர்கள் இல்லாத சினிமா என்ற பேச்சு இந்தப் படத்துக்குப் பொருந்தாது.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். வில்லன் பெர்க்மானின் அலுவலகக் காட்சிகள் எனக்கும் பிடிக்காது. பெண்தன்மை கொண்ட கெஸ்டபோ (நாஜி ரகசியப் போலீஸ்) அதிகாரியான அவன், பெண்ணை மயக்கும் பெண்ணான இங்க்ரித். நாஜிகளின் கொடுமையை இவர்களுடைய பாலியல்பின் கோளாறாகக் காட்டுவது தவறு, அநியாயமும்கூட. இயக்குநரின் தம்பி ரென்ஸோ போட்ட இசை பல இடங்களில் தேவைக்கு மேல் உரக்க ஒலிக்கிறது.

ஆனால் எனக்குப் பெரிய குறை வேறு. இத்தாலியில் இருபது ஆண்டு பாசிச ஆட்சி நடந்தது. படத்தில் அது எங்கே? ஜெர்மானியருக்குக் கைகட்டி நிற்கும் ரோம் போலீஸ் தலைவர் ஒருவர் வருகிறார், போகிறார். மற்ற இத்தாலியர் பெரும்பாலும் வீரர்கள், இல்லாவிட்டால் பலவீனத்தால் வழுக்கியவர்கள். 1943 அக்டோபர் 16 அன்று ரோமின் யூதர்களை வீடு வீடாகப் பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அந்த நகரத்தைப் பற்றிய இந்தப் படத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ரோஸலினி அறியாதவரும் அல்ல. 1941-இல் கடற்படைக்காக 'வெள்ளைக் கப்பல்' எடுத்தவர்; முசோலினி ஆட்சியின் போர்ப் படங்களை உள்ளிருந்து அறிந்தவர். ரத்தம் காயாத நேரத்தில் நாட்டை ஒன்றுசேர்க்க அப்படி எடுத்தார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்த நோக்கம் எனக்குப் புரிகிறது. அதற்காக விட்டுப்போன மனிதர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பாதிரியாரைச் சுடும் அந்தக் கடைசிக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி பிடித்து நிற்பவர்கள் இத்தாலியச் சிப்பாய்கள். சுடுகிறார்கள், பாதிரியார் சாகவில்லை. கொல்ல மனம் இல்லாத கைகள் என்று நமக்குப் புரிகிறது. அப்புறம் ஜெர்மானிய அதிகாரி நடந்து வந்து, கைத்துப்பாக்கியால் தலையில் சுடுகிறான். உங்களுக்கு நாடகமாகத் தெரிந்த இடம் அதுதான். எனக்கோ, ஒரு தேசம் தன் கைகளை அங்கே கழுவிக்கொள்வது தெரிகிறது.