தூங்கியவருக்கு எப்படிக் கேட்டது?

அன்புள்ள ஐயா,

விழுப்புரம் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஆங்கிலம் என்றாலே பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அதனால் இந்த ஆண்டு ஒரு துப்பறியும் விளையாட்டு நடத்திப் பார்க்கிறேன். விளையாட்டு விழாக் கோப்பை காணாமல் போய்விட்டது, யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான்கு குழுக்கள், ஆறு சந்தேக நபர்கள், ஆளுக்கொரு துப்புச் சீட்டு. வகுப்பு களைகட்டுகிறது. ஆனால் நாற்பது பேரில் நான்கைந்து பேர்தான் பேசுகிறார்கள். தமிழ் வார்த்தை வந்தாலோ இலக்கணப் பிழை வந்தாலோ குழுவுக்கு ஒரு புள்ளி குறைத்துவிடுவேன். அப்படியும் முன்னேற்றம் இல்லை.

சத்தம் அதிகம் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். கொலை வழக்கு வையுங்கள் மிஸ் என்று பையன்கள் கேட்கிறார்கள், வைக்கலாமா? க்ளூடோ என்ற துப்பறியும் பலகை விளையாட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அது பயன்படுமா? முக்கியமாகக் கேட்க நினைத்தது இதுதான்: இந்த வயதுப் பிள்ளைகள் படிக்கத் தகுந்த எளிய ஆங்கிலத் துப்பறியும் கதைகள் சிலவற்றைச் சொல்ல முடியுமா? போன வெள்ளிக்கிழமை மணி அடித்துவிட்டதால் எங்கள் வழக்கு பாதியில் நிற்கிறது.

ஒரு ஆங்கில ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் காலண்டர் தாளை வெட்டிச் செய்த பத்துப் பதினைந்து சீட்டுகள் கிடைத்தன. என் கையெழுத்துதான். அவற்றை மேசை மேல் வைத்துக்கொண்டு நாலு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கொலை வேண்டாம், திருட்டே போதும். பிணம் கிடந்தால் பையன்கள் பிணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். திருட்டு என்றால் மனிதர்களைப் பற்றிப் பேசுவார்கள். சத்தம் பெரிதாக இருந்தால் மரத்தடிக்கு அழைத்துப் போங்கள்.

க்ளூடோ நல்ல விளையாட்டுதான். இங்கிலாந்தில் பர்மிங்காமைச் சேர்ந்த ஆந்தனி பிராட் என்ற இசைக்கலைஞர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவாக்கியது. 1944-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1949-ல்தான் கடைக்கு வந்தது. கொலை செய்தது யார், எந்த ஆயுதத்தால், எந்த அறையில் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆறு பேர், ஆறு ஆயுதம், ஒன்பது அறை. பெருக்கிப் பார்த்தால் 324 விடைகள் வரும். மூளைக்கு நல்ல வேலை. ஆனால் நாக்குக்கு என்ன வேலை? இன்னார், இன்ன அறையில், இன்ன ஆயுதத்தால் என்ற ஒரே வாக்கியம். அதை மட்டும் உருப்போட்டுக்கொண்ட பிள்ளை சாயங்காலம் முழுக்க ஆடி ஜெயித்துவிடலாம். அது அலமாரியிலேயே இருக்கட்டும். ஆங்கில வகுப்புகளில் நெடுநாளாக ஆடிவரும் 'அலிபை' (குற்றம் நடந்தபோது நான் வேறிடத்தில் இருந்தேன் என்று சொல்வது) ஆட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேரை வெளியே அனுப்பவேண்டியது. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் ஒன்றாக இன்ன இடத்தில் இருந்தோம் என்று அவர்கள் ஒரு கதையைப் பேசி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு வகுப்பே விசாரிக்கும். ஹோட்டலில் ஃபேன் ஓடியதா? பில் யார் கொடுத்தது? போகும்போது மழை பெய்ததா? இருவர் பதிலும் எங்கே மோதுகிறதோ அங்கே குட்டு உடையும். பலகை வேண்டாம், சீட்டுகூட வேண்டாம். ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளை அந்த நிமிஷத்தில் தானே யோசித்துக் கேட்க வேண்டும்.

இப்போது புள்ளி குறைப்பதற்கு வருகிறேன். அம்மா, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நாற்பது பேரில் நான்கைந்து பேர்தான் பேசுகிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். அடுத்த வரியிலேயே பிழைக்குப் புள்ளி குறைப்பதாக எழுதுகிறீர்கள். துப்பறியும் விளையாட்டு நடத்துகிறவர் நீங்கள், இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்கத் தோன்றவில்லையா? வாயைத் திறந்தால் குழுவுக்கு நஷ்டம், மூடிக்கொண்டிருந்தால் நஷ்டம் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? பின் பெஞ்சில் ஒருவன் எழுந்திருக்கப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவன், "நீ பேசாதடா, பாயின்ட் போயிடும்" என்று அவன் தொடையைக் கிள்ளியிருப்பான். நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றதால் பார்த்திருக்க மாட்டீர்கள்.

உங்களைத் திட்டுவதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. இதே தப்பை நான் செய்திருக்கிறேன்.

1986-ல் பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் கும்பகோணத்தில் டியூஷன் எடுத்தேன். பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மாடி. பதினொரு பிள்ளைகள், கோரைப்பாய், அடிக்கடி கரண்டு போவதால் ஒரு அரிக்கேன் விளக்கு. பாடம் நடத்தி நடத்தி எனக்கே சலித்துப்போய், ஒருநாள் காலண்டர் தாளை வெட்டி ஒரு வழக்கு எழுதினேன். கல்யாண வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழ் காணவில்லை. சமையற்காரர், நாதஸ்வரக்காரர், போட்டோக்காரர், மாப்பிள்ளையின் மாமா என நாலு பேர் மேல் சந்தேகம். பிள்ளைகள் ஆளுக்கொரு சீட்டை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒருவரை ஒருவர் விசாரிக்க வேண்டும். மாமாவாக நான் நடித்தேன். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவைத்தேன். அப்புறம் வேறொரு கேள்விக்கு, மூன்று மணி வாக்கில் சமையல்கட்டில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது என்றும் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். வீட்டில் பூக்கட்டும் தொழில். விரல் நுனியெல்லாம் நார் அறுத்த கோடுகள் இருக்கும். வந்து மூன்று மாதம் ஆகியும் அவள் குரலை நான் கேட்டதில்லை. கேட்டால் எழுந்து நிற்பாள், பாயைப் பார்ப்பாள், உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்கு யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றாள். என்னை நேராகப் பார்த்து, "சார், யூ டோல்ட் ஸ்லீப்பிங். ஹவ் யூ ஹியர் பிளேட் சவுண்ட்?" என்று கேட்டாள்.

தூங்கின ஆளுக்குத் தட்டு விழுந்த சத்தம் எப்படிக் கேட்டது? அது நான் வேண்டுமென்று வைத்த துப்பு இல்லை. கவனப்பிசகாக என் வாயில் வந்துவிட்ட முரண். வழக்கை எழுதின எனக்கே தெரியாத ஓட்டையை அந்தப் பெண் பிடித்துவிட்டாள். அதுவும் அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், பதினொரு பேர் முன்னால். நான் என்ன செய்தேன் தெரியுமா? "டோல்ட் ஸ்லீப்பிங் இல்லை, யூ செட் யூ வேர் ஸ்லீப்பிங். ஹவ் யூ ஹியர் இல்லை, ஹவ் டிட் யூ ஹியர். எங்கே, மூணு தடவை சொல்லு" என்றேன். அவள் மூன்று தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிக்கொண்டே போனது. மூன்றாவது தடவை முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோனது. மற்றவர்களுக்கும் மறந்துவிட்டது. பரீட்சை வரைக்கும் அவள் டியூஷனுக்கு வந்தாள், நல்ல மார்க்கும் எடுத்தாள். ஆனால் ஒரு கேள்விகூட மறுபடி கேட்கவில்லை.

நம் ஆங்கில வகுப்புகளில் கேட்கப்படும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். வாட் இஸ் திஸ்? திஸ் இஸ் எ பென். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இது என்ன என்று கேட்கிறவரை வகுப்புக்கு வெளியே எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கேட்பவருக்குப் பதில் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். பத்து வருஷம் பிள்ளைகள் இப்படியே வளர்கிறார்கள். துப்பறியும் விளையாட்டு இந்த நிலையை மாற்றுகிறது. கேட்பவனுக்கு உண்மையிலேயே பதில் தெரியாது, தெரிந்தாக வேண்டும். மூன்று மாதம் ஊமையாக இருந்த பெண்ணை எழுந்து நிற்க வைத்தது அந்த ஆவல்தான். அந்த இடத்தில் இலக்கணத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால், உன் கேள்வி எனக்கு முக்கியமில்லை என்று பிள்ளையிடம் சொல்வதாகத்தான் அர்த்தம்.

இதை யோசித்துச் செய்து பார்த்தவர் நம் பக்கத்திலேயே இருந்தார், எனக்குத்தான் அப்போது தெரியாது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வி அறிஞர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் பள்ளிப் பிள்ளைகளை வைத்து அவர் முன்னின்று நடத்திய முயற்சியை வெளிநாட்டுக்காரர்கள் இன்றைக்கும் பெங்களூர்த் திட்டம் என்று பாடமாகப் படிக்கிறார்கள். இலக்கண வரிசைப்படி பாடம் கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம், இவற்றை வைத்துக் கணக்குகள். வகுப்புகளின் பாடவேளை அட்டவணைகளைக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து ஒரு ஆசிரியரின் அட்டவணையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். துப்பறிவது என்றால் அதுதானே! தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகிக்கிற இந்த மாதிரி வேலைதான் வகுப்புக்கு மிகவும் பொருத்தம் என்று பிரபு கண்டார். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் சேர்ந்து ஒரு கணக்கை வாய்விட்டுப் போட்டுக்காட்டுவார். அப்புறம் அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தாங்களே போட வேண்டும். மனம் அர்த்தத்தில் இருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே இறங்கும் என்பது அவர் கட்சி. பிழை வந்தால் பாடத்தை நிறுத்தி விளக்கம் சொல்ல மாட்டார்கள், போகிறபோக்கில் சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டு விஷயத்தைத் தொடர்வார்கள். (குழு வேலையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒருவர் பிழை இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார். அதில் மட்டும் நான் உங்கள் பக்கம்.)

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியதும் அதுதான். மாமாவாகவே முகம் வெளிறி, "ஓ, ஐ செட் ஐ வாஸ் ஸ்லீப்பிங், ஸோ ஹவ் டிட் ஐ ஹியர் தி பிளேட்?" என்று திணறியிருந்தால் போதும். சரியான வாக்கியம் அவள் காதில் விழுந்திருக்கும். தன் கேள்வி ஒரு பெரிய மனுஷனைத் திணறடித்ததையும் அவள் கண்ணால் பார்த்திருப்பாள்.

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் வாக்குமூலம் எழுதச் சொல்லுங்கள். காகிதத்தில் சிவப்பு மை போடுவதற்கு யாரும் வாயை மூடிக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ் பேசினால் புள்ளி குறைப்பதும் இதே தப்புதான். துப்பறிகிற ஆங்கிலம் முழுக்க மூன்று வடிவத்தில் நிற்கிறது: மஸ்ட் ஹேவ், மைட் ஹேவ், கான்ட் ஹேவ். உங்கள் பிள்ளைகள் தமிழில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒருநாள் காதுகொடுத்துக் கேளுங்கள். "வாட்ச்மேன்தான் எடுத்திருக்கணும்." "பியூன் எடுத்திருக்கலாம்." "பி.டி. சார் எடுத்திருக்க முடியாது, அவர் கிரவுண்டில இருந்தாரு." மூன்றும் அப்படியே இருக்கின்றன! தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதும் வாஸ் ஸ்லீப்பிங் என்பதும் ஒன்றுதானே? பிள்ளை கையில் வைத்திருக்கிற சாவியைப் பிடுங்கிக்கொண்டு கதவைத் திற என்கிறீர்கள். தமிழில் வந்ததைக் கரும்பலகையில் எழுதுங்கள், பக்கத்திலேயே ஆங்கிலத்தை எழுதுங்கள். அப்போது ஒரு சிக்கலும் கண்ணில் படும். 'எடுத்திருக்கணும்' என்பதற்கு நம் பிள்ளைகள் 'ஷுட் ஹேவ் டேக்கன்' என்பார்கள். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அர்த்தம் மாறிவிடும். தமிழில் ஒரே வடிவம் இரண்டுக்கும் வருவதால் வருகிற குழப்பம் இது. தமிழை வாசலிலேயே நிறுத்திவிட்டால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றே உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

கேள்வி கேட்கும் முறையும் அப்படித்தான். போனியா, பார்த்தியா என்று ஒரு 'ஆ' சேர்த்தால் நமக்குக் கேள்வி ஆகிவிடும். வார்த்தையை முன்பின் மாற்றுவதோ 'டிட்' என்ற ஒன்றைக் கொண்டுவந்து நுழைப்பதோ தமிழ் வாய்க்குப் பழக்கமில்லை. 'யூ வென்ட் கிரவுண்ட்?' என்று ஒருவன் குரலை ஏற்றிக் கேட்டால் அது சோம்பேறித்தனம் இல்லை, தமிழின் நியாயம். நூறு கேள்வி கேட்டபிறகு 'டிட்' தானாக வந்து உட்காரும். அந்த நூறு கேள்விக்கு இடம் கொடுங்கள்.

கதைப் புத்தகம் கேட்டிருந்தீர்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எளிய ஆங்கிலத்தில் சுருக்கிய பதிப்புகள் கடைகளில் கிடைக்கும், அதுவே போதும். அதைவிட, உங்கள் பிள்ளைகளையே ஒரு வழக்கு எழுதச் சொல்லுங்கள். சந்தேக நபர் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார், யாரைப் பார்த்தார், எது கேட்டது என்று எழுத உட்கார்ந்தால் பழைய பாடம் எல்லாவற்றையும் அவர்களே தேடி எடுப்பார்கள்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் அந்தப் புள்ளிக் கணக்கை எல்லார் முன்னாலும் அழித்துவிடுங்கள். நான்கைந்து பேரைத் தவிர மற்றவர்கள் வாய் திறக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். முதலில் எழுந்து நிற்கிற பிள்ளை என்ன கேட்டது என்பதை, அது சொன்ன வார்த்தையிலேயே, ஒன்றையும் திருத்தாமல் எனக்கு எழுதுங்கள். அப்புறம், அந்தக் கோப்பையை யார் எடுத்தது? வாட்ச்மேன் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.