சாயக் கழிவுநீரிலும் ஒரு வேலை இருக்கிறது

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். மகளுக்கு வேதியியல் என்றால் உயிர்; பெரியப்பாவும் மாமாவும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கடன் வாங்கியாவது சீட்டு வாங்கச் சொல்கிறார்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட மாட்டேன். அந்தச் சீட்டை வாங்காதீர்கள். கோடிங் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிள்ளையை நான்கு வருடம் அதில் உட்கார வைப்பது தண்டனை. யோசனை சொல்கிற உறவுகள் தவணை கட்ட வரமாட்டார்கள்.

மருத்துவம், வங்கித் தேர்வு, ஆசிரியர் பயிற்சி பற்றி ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பது, வினையூக்கிகளை, அதாவது தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்களைக் கொண்டு சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் துறை.

துணிக்குப் போடும் சாயம் முழுவதும் நூலில் ஏறுவதில்லை. பருத்திக்கான ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து, ஒட்டும் திறனை இழந்து கழிவோடு போய்விடுகிறது. வெயிலுக்கும் சோப்புக்கும் வெளுக்காதபடி செய்த பொருள் என்பதால் நுண்ணுயிரிகளாலும் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. கரியில் பிடித்தால் சாயம் இடம்தான் மாறுகிறது. சவ்வில் வடிகட்டினால் அடர்கழிவு மிஞ்சுகிறது. வினையூக்கி அந்த மூலக்கூறையே உடைக்கப் பார்க்கிறது.

இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் வலுவாக ஆக்சிஜனேற்றம் நடக்கும் என்று ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894லேயே எழுதிவிட்டார். இன்றும் ஆலைகளில் அது புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பிஎச் 3 அளவில் அமிலமாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும்; முடிவில் இரும்புச் சேறு சேரும். டைட்டானியம் டைஆக்சைடுக்கு ஒளி போதும், ஆனால் அது புற ஊதா ஒளியாக இருக்க வேண்டும். சூரிய ஒளியில் அது சுமார் 5 சதவீதம்தான். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இயங்கும் வினையூக்கியைத் தேடுகிறார்கள்.

ஆய்வகத்தில் இது எப்படி நடக்கும் தெரியுமா? சாயக் கரைசலில் வினையூக்கித் தூளைப் போட்டு முதலில் இருட்டில் கலக்குவார்கள். தூளில் வெறுமனே ஒட்டிக்கொண்ட சாயத்தை, சிதைந்த சாயம் என்று கணக்கில் எடுத்துவிடக் கூடாதே! அப்புறம்தான் விளக்கைப் போடுவார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, தூளைப் பிரித்து, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் அளப்பார்கள். நிறம் போய்விட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அசோ என்ற வகைச் சாயத்தில் இரண்டு நைட்ரஜனுக்கு இடையிலான பிணைப்பு அறுந்தாலே நிறம் மறைந்துவிடும். அரோமேட்டிக் அமீன்கள் என்ற நிறமற்ற துண்டுகள் மிஞ்சலாம், அவற்றில் சில புற்றுநோய் தருபவை. ஆகவே தண்ணீரில் கரிமப் பொருள் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் மொத்தக் கரிமக் கார்பனையும் அளந்தாக வேண்டும். பீக்கரில் ஜோராக ஓடிய வினையூக்கி நிஜக் கழிவுநீரில் திணறும். அதிலுள்ள உப்பின் குளோரைடும் சோடாவின் கார்பனேட்டும் வினையூக்கி உண்டாக்கிச் சாயத்தை உடைக்கும் ரேடிக்கல்கள் என்ற துடிப்பான துகள்களை நடுவிலேயே பறித்துக்கொள்ளும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தெரிந்தவர்தான் ஆலைக்குத் தேவை.

பி.எஸ்சி. வேதியியல், அதன்மேல் எம்.எஸ்சி. போதும், கெமிக்கல் இன்ஜினியரிங் வழியாகவும் வரலாம். சுத்திகரிப்பு நிலையம், சாய ஆலை ஆய்வகம், நீர்ப் பரிசோதனைக் கூடம், ரசாயன நிறுவனம் ஆகியவற்றில் வேலை தேடலாம். ஆரம்பச் சம்பளம் மென்பொருள்காரர்களுடையதைப் போல இருக்காது, மறைக்க மாட்டேன். அதனாலேயே கடன் வாங்கிப் படிக்கிற படிப்பு அல்ல இது. கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியைப் பாருங்கள். சேர்வதற்கு முன் மகளையும் கூட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போங்கள். இளநிலை மாணவர்கள் நிறமாலைமானியைத் தாங்களே இயக்குகிறார்களா, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்களா என்று அவளே கேட்கட்டும். பிஎச்.டி. என்று பிறகு ஆசைப்பட்டால் உதவித்தொகையோடு மட்டும் சேரட்டும். கைக்காசு போட வேண்டாம்.