ஆவணில கோடியக்கரை போனா என்ன இருக்கு?

வணக்கம் சார், திருவாரூர்லேர்ந்து எழுதுறேன். போன வாரம் காலைல பசங்களோட கோடியக்கரை போனோம். பூநாரை ஒன்னுகூட இல்ல, சேத்துல சின்னதா சாம்பல் கலர்ல என்னமோ ஓடிட்டிருந்துச்சு, அவ்ளோதான். எல்லாரும் டிசம்பர்ல போங்கன்றாங்க, நீங்க மட்டும் ஏன் ஆவணி ஆவணின்னு எழுதுறீங்க?
ஒரு வாசகி

வணக்கம்ங்க,

பூநாரை வேணும்னா டிசம்பர்தான், அதுல தகராறே இல்ல. ஆனா 'என்னமோ ஓடிட்டிருந்துச்சு'ன்னு ஒரே வரில தள்ளிட்டீங்களே, அது உள்ளான், சேத்துல இரை தேடுற சின்ன கரைப்பறவை. நான் ஆவணில போறதே அதுக்குத்தான்.

அதுல மூக்கு நுனி லேசா கீழ வளைஞ்சிருக்கும் ஒன்னு, கர்லூ சாண்ட்பைப்பர். சைபீரியால ஆர்க்டிக் ஓரத்து துந்திரால, அதாவது மரமே வளராத குளிர் வெளில, முட்டை வைக்கிற பறவை. ஆண் பறவை அடையும் காக்காது குஞ்சையும் பாக்காது, ஜூலை ஆரம்பத்துலயே கிளம்பிடும் (பொறுப்பைப் பத்தி நான் ஒன்னும் சொல்லல), அப்புறம் பொட்டை, கடைசியாதான் அந்த வருசத்துக் குஞ்சுங்க, கூட்டிட்டு வர பெருசுங்க யாரும் இல்லாம தானாவே அவ்ளோ தூரம் வந்து சேருதுங்க. முன்னாடி வர்ற பெருசுங்களுக்கு நெஞ்சுல செங்கல் கலர் இன்னும் திட்டுத்திட்டா மிச்சம் இருக்கும், இறகு உதிர உதிர அது போயிடும். டிசம்பர்ல போனா எல்லாம் ஒரே சாம்பல், எது பெருசு எது இந்த வருசத்துதுன்னு பிரிக்கிறதுக்குள்ள கண்ணு வலிச்சிடும். ஆவணில குஞ்சுன்னா முதுகுல செதில் செதிலா இருக்கும், சுலபம்.

உங்களுக்கு எல்லாமே சாம்பலா தெரிஞ்சதுக்கு இன்னொரு காரணம் வெளிச்சம். காலைல கிழக்க கடலைப் பாத்து நின்னா சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும், கலர் எங்க தெரியும்? கடற்கரைய சாயங்காலத்துக்கு வச்சுக்குங்க. உப்பளப் பக்கம்னா உப்பு பூத்துக் கிடக்குற பாத்திய விட்டுட்டு தண்ணி மெல்லிசா நிக்கிற இடமா பாருங்க, இரை அங்கதான். பைனாகுலர் கட்டாயம். பசங்கள ஓடவிட்டு கூட்டத்தக் கிளப்பாதீங்க, போட்டோவுக்காக கிளப்பிவிடுற பெரியவங்களையே நான் திட்டிட்டு இருக்கேன். அதுங்க பறந்து வந்த களைப்புல தின்னு உடம்பு தேத்திக்கிட்டே புது இறகும் போடணும், 2024ல ஐயுசிஎன் (எந்த உயிரினம் அழியுற நிலைல இருக்குன்னு பட்டியல் போடுற உலக அமைப்பு) இந்த உள்ளான அழியுற அபாயத்துல இருக்குற பட்டியல்ல ஒரு படி மேல ஏத்திடுச்சு வேற.

அப்புறம், கோடியக்கரைல பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்காரங்க பல வருசமா பறவைக்கு கால்ல வளையம் போடுறாங்க, எது எங்கேர்ந்து எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க. காலுல கலர் கொடி மாதிரி எதாவது தெரிஞ்சா எந்தக் கலர் மேல, எது கீழ, எந்தக் கால்னு குறிச்சு அவங்களுக்கு அனுப்புங்க. பசங்க கிட்ட அந்த வேலைய குடுத்துப் பாருங்க, பூநாரைய கேக்கவே மாட்டாங்க.