கராஜ் கேள்வி–பதில்: கழற்ற முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: அண்ணை, சித்தப்பா வைத்திருந்த 1982 கொரோலா கேஈ70 ஒன்று இப்போது எங்கள் முற்றத்தில் நிற்கிறது. இஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் கதவடியும் தரையும் முழுக்கக் கறல். இதைக் கழற்றி, லோட்டஸ் செவன் என்கிற பிரித்தானிய ஸ்போட்ஸ் கார் மாதிரி இரண்டு பேர் இருக்கிற கார் ஒன்றை வீட்டிலேயே கட்ட ஆசை. கராஜ் வைத்திருக்கும் நண்பன், காஸ் கட்டரைக் கொண்டுவந்தால் இரண்டு நாளில் வெட்டி எடுத்துவிடலாம் என்கிறான். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, முதலில் அந்த நண்பனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து, காஸ் கட்டரோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு அவசியம் கூப்பிடுவோம், கடைசி நாளில்.

சாமானைத் தொடுவதற்கு முன் காரின் பதிவுப் புத்தகத்தைத் தொடுங்கள். கேஈ70க்குத் தனிச் செஸி (அடிச்சட்டம்) கிடையாது, பொடியும் (மேற்கூடும்) செஸியும் ஒன்றேதான். செஸி இலக்கம் அடித்திருப்பது இஞ்சின் அறையின் பின்சுவரில், அதாவது நீங்கள் எறிய நினைக்கிற அதே தகட்டில். அதை வெட்டினால் காரின் அடையாளத்தையே வெட்டினதாகிவிடும். இலக்கத்தை வெட்டி எடுத்து புதுச் சட்டத்தில் வெல்ட் பண்ணலாம் என்று சொல்ல ஆள் இருக்கும், கேட்காதீர்கள், அது பொலிஸ் வேலையில் போய் முடியும். நாரஹேன்பிட்டியில் இருக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில், இப்படியொரு வாகனத்தை எந்த வகையில் பதியலாம், பதியவே முடியுமா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பிரித்தானியாவில் வீட்டில் கட்டின காருக்கென்றே ஒரு பரிசோதனை இருக்கிறது, அதில் தேறினால் வீதிக்கு வரலாம். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து இறங்கவேண்டாம். பதில் ‘இல்லை’ என்று வந்தால் வீட்டு வளவுக்குள் ஓடவிட ஒரு கார் வேண்டுமா என்று வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள்.

சரி, பதில் சாதகம் என்று வைத்துக்கொள்வோம். கழற்றுகிற அவசரத்தில் பலர் விடுகிற விஷயம், காரைக் கடைசியாக ஒருமுறை ஒழுங்காக ஓட்டிப் பார்ப்பது. கியர் எல்லாம் விழுகிறதா, மூன்றாம் கியரில் காலை எடுத்தால் வெளியே துள்ளுகிறதா, பின் அக்சில் ஊளையிடுகிறதா, சூடான பிறகு ஒயில் விளக்கு மினுங்குகிறதா, நாலு சிலிண்டரிலும் கொம்பிரஷன் ஒரே அளவாக இருக்கிறதா, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இஞ்சின் நிலத்தில் கிடக்கும்போது அது எந்தச் சத்தம் போட்டது என்று யாருக்கும் ஞாபகம் வராது. உங்களுடையதில் 4கே இஞ்சின் என்றால் 1290 சிசி, காபரேட்டர், கம்பியூட்டர் இல்லை. முதல் தடவை கட்டுகிறவருக்கு இதைவிட லேசான இஞ்சின் தேடவேண்டாம். பின் சில்லு இழுக்கிற கார் என்பதும் செவன் மாதிரிக்குச் சரியாகப் பொருந்தும்.

அடுத்தது, கார் நாலு சில்லில் நிற்கும்போதே இறுக்கமான நட்டுகளை எல்லாம் அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். இஞ்சின் முன்புறம் பெல்ட் ஓடுகிற கப்பியின் (pulley) போல்ட் இருக்கிறதே, காரை டொப் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கில் ஏறி நிற்க, மற்றவர் நீளப் பைப் போட்டு இழுத்தால் வந்துவிடும். இஞ்சினை வெளியே எடுத்துவிட்டு அதே போல்ட்டைக் கழற்றப் போனால் இஞ்சின்தான் உங்களைச் சுற்றும். பின் அக்சில் நட்டு, புரொப்பெல்லர் சாஃப்ட் போல்ட், ஸ்டியரிங் நட்டு எல்லாம் இதே கணக்கு. கியர்பொக்ஸ் ஒயில் வடிக்கும்போது ஒயில் ஊற்றுகிற மேல் பிளக்கை முதலில் திறவுங்கள். அது திறபடாது என்று கீழதை வடித்த பிறகு தெரியவந்தால் பெரிய தலையிடி.

லோட்டஸ் செவன் பற்றிக் கேட்டீர்கள், அதனால் ஒரு கதை. 1957 இல் லோட்டஸ் கம்பனியைத் தொடங்கிய கொலின் சப்மன் அந்தக் காரை விற்கத் தொடங்கியபோது பிரித்தானியாவில் முழுக் காருக்குக் கொள்வனவு வரி இருந்தது, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. ஆனால் பூட்டுகிற முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், கழற்றுகிற முறையை எழுதிக் கொடுத்து, அதைப் பின்னாலிருந்து முன்னுக்கு வாசிக்கச் சொன்னார்கள் என்று சொல்வார்கள். உங்களுக்கு அந்தக் குறிப்பை யாரும் தரப்போவதில்லை, நீங்கள்தான் எழுதவேண்டும். கைபேசியில் படம் எடுங்கள், ஒவ்வொரு படத்திலும் அளவு நாடா தெரியட்டும். பின் அக்சிலைப் பிடிக்கிற நாலு கையும் பொடியில் எந்த உயரத்தில், எந்தச் சரிவில் பூட்டியிருக்கின்றன, ஸ்டியரிங் தண்டு எந்தச் சரிவில் இறங்குகிறது, சில்லுக்குச் சில்லு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் புதுச் சட்டம் வெல்ட் பண்ணும்போது தங்கம். வெட்டின பிறகு அளக்க ஒன்றும் மிஞ்சாது.

இனி வயர். காரில் மிகவும் பெறுமதியான சாமான் எது என்று கேட்டால் ஆட்கள் இஞ்சின் என்பார்கள், நான் வயரிங் என்பேன். இஞ்சின் இன்னொன்று தேடலாம். வெட்டின வயரிங்கை ஒட்டி ஒட்டிச் செய்த காரில் மழைநாளில் எது எப்போது அணையும் என்று முருகனுக்குத்தான் தெரியும். ஆகவே ஒரு வயரையும் வெட்டாமல், பியூஸ் பெட்டி, ஸ்டியரிங்கில் இருக்கும் சுவிட்ச், சாவியோடு இக்னிஷன் சுவிட்ச், மீற்றர் போட் எல்லாம் தொங்கத் தொங்க ஒரே கொடியாக எடுங்கள். ஒவ்வொரு பிளக்கையும் பிரிக்க முன் இரண்டு பக்கத்திலும் ஒரே இலக்கம் ஒட்டுங்கள், மேலே தெளிவான டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஒயில் கை பட்டு இலக்கம் அழியும். பின்சுவர் ஓட்டையில் இருக்கும் ரப்பரைப் பிதுக்கி எடுத்து, சின்னப் பிளக்கை முதலில், பெரியதைக் கடைசியில் தள்ளினால் எல்லாம் உள்ளே வரும். பொறுமை வேண்டும், குறடு வேண்டாம். பொடியில் பூட்டியிருக்கும் எர்த் வயர்கள் எங்கே எங்கே என்றும் குறியுங்கள், ஏனென்றால் பைபர் பொடியும் பெயின்ட் அடித்த சட்டமும் எர்த் தராது. பெற்றோல் தாங்கியின் மிதவையையும் பெற்றோல் மீற்றரையும் பிரிக்காதீர்கள், சோடி மாறினால் அரைத் தாங்கி இருக்கும்போதே முள் காலியைக் காட்டும்.

இஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்த்தே மேலால் எடுங்கள். கிளச் சிலிண்டர் இருந்தால் குழாயைத் திறக்காமல் கழற்றி ஓரமாகக் கட்டிவிடலாம். புரொப்பெல்லர் சாஃப்ட்டை இழுத்தவுடன் கியர்பொக்ஸ் வாலால் மிச்ச ஒயில் ஊற்றும், அதில் ஒரு பொலித்தீன் பையைக் கட்டுங்கள். செயின் புளொக்கை மாமரக் கொப்பிலோ வீட்டுக் கூரை வளையிலோ தொங்கவிடவேண்டாம், இஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல், வாடகைக்கு இரும்பு முக்காலி கிடைக்கும்.

கேள்வி: தம்பி, என் மகன் பழைய சன்னி கார் ஒன்றை முற்றத்தில் கழற்றிப் போட்டிருக்கிறான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டாரும் முறைக்கிறார்கள். எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை, ஆபத்து இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.
– ஒரு தாய், பாலையூற்று

பதில்: அக்கா, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று, இதை எழுதச் சொல்லி மகன்மார் கேட்கமாட்டார்கள்.

கார் ஜக்கியில் மட்டும் நின்றாலோ, கீழே சீமெந்துக் கல் அடுக்கி நின்றாலோ இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் கல் விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் நாலு வாங்கட்டும். பெற்றோல் தாங்கியை வடித்தாயிற்று, வெறும் தாங்கிதானே என்று மகன் சொல்வார். நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கிதான் பயங்கரம், உள்ளே நிற்கிற ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். கிரைண்டர், வெல்டிங் நடக்கிற இடத்திலிருந்து அதைத் தூரத்தில், நிழலில், வாய் மூடி வைக்கவேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கிரைண்டர் பொறி எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பக்கத்து வீட்டு ஓலை வேலியும் ஞாபகம் இருக்கட்டும்.

பழைய பிரேக் கட்டையிலும் கிளச் தட்டிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அந்தக் கறுப்புத் தூளை வாயாலோ காற்று மெஷினாலோ ஊதக்கூடாது, தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியவேண்டும். முன் ஸ்பிரிங்கைச் சொக் அப்சோபரிலிருந்து பிரிக்கும் வேலையைக் கராஜில் கொடுக்கச் சொல்லுங்கள். அமுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் முகத்துக்கு வரும். பற்றரியில் முதலில் கழற்றுவது நெகட்டிவ் பக்கம், பிறகு பற்றரியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கட்டும். மற்றபடி விடுங்கள், அக்கா. கையில் ஒயிலோடு வீட்டில் நிற்கிற பிள்ளை நல்ல பிள்ளைதான்.

கேள்வி: கடலோரமாக நின்ற கார். ஒரு போல்ட்டும் அசைகிறதில்லை, இரண்டு தலை முறிந்தும் போயிற்று.
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: நம்ம பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது, என்ன செய்வது. கறல் ஒயிலை அடித்த கையோடு ஸ்பேனரைப் போடுவதால் பயனில்லை. பின்னேரம் பின்னேரமாகச் சில நாள் அடித்து ஊறவிடுங்கள், இடையில் சுத்தியலால் போல்ட் தலையில் மெல்லத் தட்டுங்கள். பிறகு முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு பொட்டு அசைத்து, அதன் பின்னே தளர்த்துங்கள். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் கறல் விட்டுவிட்டது என்று பொருள், அந்த இடத்தில் நிறுத்தி இன்னும் கொஞ்சம் ஒயில் கொடுத்து முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள், ஒரே இழுவையில் வேண்டாம். பன்னிரண்டு மூலை சொக்கெட்டை ஒதுக்கிவிட்டு ஆறு மூலை பாவியுங்கள். சூடு காட்டுவதென்றால் போல்ட்டுக்கல்ல, நட்டுக்கு, அதுவும் ரப்பர் புஷ், பிரேக் குழாய், தாங்கி எதுவும் அருகில் இல்லாத இடத்தில்.

இதற்கும் மசியாவிட்டால் யோசிக்கவேண்டியது ஒன்றுதான்: எந்தப் பக்கம் எறியப்போவது? பொடிக்குள் மறைந்திருக்கும் நட்டு சுற்றினால் பொடித் தகட்டை வெட்டுங்கள், அது எப்படியும் இரும்புக் கடைக்குத்தான். சஸ்பென்ஷன் கையையோ அக்சில் காதையோ கிரைண்டர் தொடக்கூடாது. புதுக் காரில் பழைய போல்ட்டை மீண்டும் போடுகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அளவுக்கும் திரெட்டுக்கும் மாதிரியாகப் பழையதை வைத்திருந்து, புதியதை அதே பலத் தரத்தில் வாங்குங்கள்.

கேள்வி: கழற்றின சாமான்களைப் புதுக் காரின் இரும்புச் சட்டம் கட்டி முடியும்வரை எப்படி வைப்பது?
– வாசகர், உவர்மலை

பதில்: போல்ட்டைக் கையால் அதே ஓட்டையில் திருகி வைப்பதுதான் முதல் வழி, முடியாதவை தனித்தனிப் பையில், உள்ளே ஒரு துண்டுக் கடுதாசி. பிரேக் டிஸ்க், பெயரிங் இருக்கை போன்ற மினுங்கும் இரும்பு நம்மூரில் ஓர் இரவில் செம்மண் நிறமாகும், கிரீஸ் பூசிச் சுற்றுங்கள். வாடை மழை தொடங்க முன் எல்லாம் நிலத்தைவிட்டு உயரத்தில் இருக்கட்டும். அப்புறம், ஒருவரும் சொல்லாத விஷயம்: குளவி. பெற்றோல் குழாய், பிரேக் குழாய், காபரேட்டரின் துவாரம் எதைத் திறந்து வைத்தாலும் வேட்டைக்காரக் குளவி மண்ணைக் கொண்டுவந்து அடைத்து, உள்ளே புழுவையும் வைத்து மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, இஞ்சின் ஓடாமல் நிற்கும்போதுதான் தெரியும். ஒவ்வொரு வாயையும் அன்றன்றைக்கே டேப்பால் மூடுங்கள்.

கேள்வி: மொரிஸ் மைனரை இதற்குப் பாவிக்கலாமா? பீட்டில் பரவாயில்லையா?
– வாசகர், சீனக்குடா

பதில்: மைனர் ஓடுகிற நிலையில் இருந்தால் தொடாதீர்கள், அதை அப்படியே விரும்பி வாங்க ஆள் இருக்கிறது. பீட்டிலின் தரை வேறு, பொடி வேறு, போல்ட்டைக் கழற்றினால் பொடி தனியாக வரும். புரூஸ் மேயர்ஸ் 1964 இல் கலிபோர்னியாவில் மணலில் ஓடுகிற கடற்கரை பகி (buggy) கார் கட்டியதிலிருந்து அந்த வழியில் பின்தொடர்ந்தவர்கள் பீட்டில் தரையைக் குறுக்கித்தான் செய்தார்கள். நிலாவெளி மணலுக்கு அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விபத்தில் பொடி போன பீட்டில் கிடைத்தால் மட்டும்.

கேள்வி: மிஞ்சினதை விற்று எவ்வளவு தேறும், எதை விற்கக்கூடாது?
– வாசகர், கிண்ணியா

பதில்: விலை சொல்லமாட்டேன், பேரம் உங்கள் திறமை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, அந்த இடைவெளியில் பழைய காரைத் திருத்தி ஓட்டப் பழகிக்கொண்டவர்கள் ஏராளம். கறல் இல்லாத கதவு, பொனட், முன் பின் கண்ணாடி, விளக்கு, பம்பர் எல்லாவற்றுக்கும் ஆள் வரும். கண்ணாடியை ரப்பரை வெட்டி எடுங்கள், ரப்பர் புதிதாக வாங்கலாம்.

வைப்பரின் மோட்டார், ஹோர்ன், ஹான்ட்பிரேக் லீவரும் கேபிளும், பெடல் கூட்டம், ரேடியேற்றர், பொனட் கேபிள், கதவு விளக்குச் சுவிட்ச் என்று அற்பமாகத் தெரிகிற எதையும் புதுக் கார் ஓடும்வரை விற்காதீர்கள், தனித்தனியாக வாங்கப் போனால் இவைதான் காசைத் தின்னும். பழைய சீட் பெல்ட், பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் மூன்றையும் விற்கவும் வேண்டாம், பாவிக்கவும் வேண்டாம். வெறும் பொடியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பது மேலே உப்புவெளித் தம்பிக்குச் சொன்ன பதிவு விஷயம் தீர்ந்த பிறகுதான். அதன் பின் காஸ் கட்டர் நண்பனைக் கூப்பிடலாம், அரை நாள் வேலை.