க்ரூகரில் வண்டியை நிறுத்துங்கள்

கேள்வி: ஆகஸ்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தென்னாப்பிரிக்கா போகிறேன். க்ரூகர் தேசியப் பூங்காவில் நான்கு பகல், மூன்று இரவு. நானே கார் ஓட்டுகிறேன். தெற்கே மலலேன் வாசலில் நுழைந்து முதல் இரவு பெர்க்-என்-டால், அடுத்தது லெட்டாபா, மூன்றாவது வடக்கே பூண்டா மரியா என்று அறை போட்டாயிற்று. முழுப் பூங்காவையும் பார்த்துவிடலாம், ‘பிக் ஃபைவ்’ ஐந்தும் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். ஃபோர் வீல் டிரைவ் தேவையா? சன்ரூஃப் உள்ள வண்டி என்றால் பிள்ளைகள் நின்றுகொண்டே பார்க்கலாமே? கைடு இல்லாமல் போனால் சிறுத்தை கண்ணில் படாது என்கிறார் நண்பர். உண்மையா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் அனுப்பியிருப்பது டவுன் பஸ் டைம்டேபிள். இந்தக் கணக்குப்படி போனால் க்ரூகரின் தார் ரோட்டை முழுசாகப் பார்த்துவிட்டு வருவீர்கள். மிருகங்களைப் பார்ப்பீர்களா என்பது சந்தேகம்.

பூங்கா தெற்கு வடக்காக 360 கிலோமீட்டர் நீளம், பரப்பு ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். தார் ரோட்டில் அதிகபட்ச வேகம் 50, மண் ரோட்டில் 40. ரேடார் வைத்துப் பிடிக்கிறார்கள், அபராதமும் உண்டு. உங்கள் இரண்டாம் நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெர்க்-என்-டாலிலிருந்து லெட்டாபா சுமார் 230 கிலோமீட்டர். எங்கேயும் நிற்காமல் 50-லேயே ஓட்டினாலும் நாலரை மணி நேரம் ஆகும். யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கும், பிள்ளைகளுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருக்கும், ஒட்டகச்சிவிங்கிக்கு நிற்காமல் இருக்க முடியாது. இதையெல்லாம் சேர்த்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிய விஷயம். ஆகஸ்டில் வாசல்கள் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகின்றன. நேரம் தப்பினால் கேம்ப் வாசலிலும் அபராதம்தான். அதனால் மூன்று மணிக்கு மேல் உங்கள் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். வெயில் தாழ்ந்து மிருகங்கள் நடமாட ஆரம்பிக்கிற நேரம் அது!

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம். அதன் பலனைத்தான் இந்தத் திட்டம் வீணடிக்கிறது. ஆகஸ்ட் அங்கே வறண்ட காலம். புல் தாழ்ந்திருக்கும், மரங்கள் இலை உதிர்த்திருக்கும், சிறிய குட்டைகள் வற்றி, மிச்சமிருக்கிற தண்ணீரை நோக்கி எல்லா மிருகங்களும் வந்துகொண்டிருக்கும். தேடி அலைய வேண்டியதில்லை. தண்ணீர் ஓரமாக வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

எங்கே உட்காருவது? முதல் இரண்டு இரவும் லோயர் சாபி கேம்ப். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்தால் மலலேனைவிடக் கிழக்கே உள்ள க்ரோக்கடைல் பிரிட்ஜ் வாசல் இதற்கு வசதி; அங்கிருந்து 35 கிலோமீட்டர்தான். கேம்புக்குப் பக்கத்திலேயே சன்செட் டேம் என்று ஒரு நீர்நிலை இருக்கிறது. நீர்யானையும் முதலையும் அங்கேயே குடியிருக்கின்றன. மற்றவை வந்து போகும். ஒரு சாயங்காலம் முழுக்க அங்கே உட்காரலாம், பிள்ளைகளும் சலிக்கமாட்டார்கள். லோயர் சாபியிலிருந்து ஸ்குகுசா கேம்புக்குப் போகிற எச்4-1 சாலை சாபி ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. கரையோரப் பெரிய மரங்கள்தான் சிறுத்தைக்குப் பிடித்த இடம். 45 கிலோமீட்டர் போக ஒரு காலைப் பொழுது முழுசாக ஆகட்டும், தப்பில்லை. நடுவில் இன்குலு பிக்னிக் இடத்தில் இறங்கலாம், கழிப்பறையும் உண்டு. குறித்துவைத்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது என்பதால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தத் தகவல் சிங்கத்தைவிட முக்கியம்.

மூன்றாவது இரவு சதாரா கேம்ப். பூங்காவின் கிழக்குப் பாதி பசால்ட் பாறை மண். அதில் முளைக்கிற புல்லில் சத்து அதிகம். மேற்கில் கிரானைட், புல் சுமார்தான். நல்ல புல்லைத் தேடி வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் என்கிற பெரிய மானும் வர, அவற்றைத் தேடிச் சிங்கம் வருகிறது. சதாராவைச் சுற்றி, குறிப்பாக எஸ்100 மண் ரோட்டில், சிங்கத்துக்கு வாய்ப்பு அதிகம் என்பது இதனால்தான். நான்காம் நாள் மேற்கே ஓர்ப்பன் வாசல் வழியாக வெளியேறுங்கள். அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் ஆறு மணி நேர ஓட்டம். அன்றிரவே விமானம் வேண்டாம்.

‘பிக் ஃபைவ்’ பற்றிக் கொஞ்சம். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்கிற இந்தப் பட்டியல் துப்பாக்கியோடு நடந்து போன வேட்டைக்காரர்கள் போட்டது. சுடுவதற்கு எது ஆபத்தானது என்பதுதான் அவர்கள் அளவுகோல். அதில் காட்டுநாய் இல்லை, சிவிங்கிப்புலி இல்லை, கழுதைப்புலியும் இல்லை. காட்டுநாய்க் கூட்டம் ஒன்றைப் பத்து நிமிடம் பார்க்கக் கிடைத்தால், தூங்குகிற சிங்கத்தின் முதுகைப் பார்த்ததை யாரும் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். பட்டியலை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எங்கே என்ன தெரிகிறது என்று சொல்கிற செயலிகளையும்தான். அதைப் பார்த்துவிட்டு வேகமாகப் பறக்கிறவர்களால் தொல்லை என்று பூங்கா நிர்வாகமே 2016-ல் குறைபட்டுக்கொண்டது. அப்புறம், காண்டாமிருகத்தைக் கண்டால் இடத்தைக் குறிப்பிட்டு எங்கும் படம் போடாதீர்கள். கொம்புக்காகக் கொல்லுகிற கூட்டம் இன்னும் ஓயவில்லை.

ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. முக்கியச் சாலைகள் எல்லாம் தார், வறண்ட மாதத்தில் மண் ரோட்டிலும் சாதாரண கார் போகும். அந்தப் பணத்தில் இருக்கை கொஞ்சம் உயரமான வண்டியாக எடுங்கள், புல்லுக்கு மேலே பார்க்கலாம். மிச்சத்தில் ஆளுக்கொரு பைனாகுலர். நம்மைப் போல இடதுபக்கம் ஓட்டுகிற நாடுதான், ஸ்டியரிங்கும் வலதுபக்கம்.

சன்ரூஃப் யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள். வண்டிக்கு வெளியே தலை, கை எதையும் நீட்டக் கூடாது என்பது விதி. வண்டி முழுவதும் ஒரே உருவமாகத் தெரிகிறவரை மிருகங்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதிலிருந்து ஒரு தலை முளைத்தால் கதை வேறு. யானை விஷயத்தில் இன்னும் கவனம். தனி ஆண் யானை, கன்னத்தில் மதநீர் வழிகிறது என்றால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் போக வழி இருக்கும்போதே ரிவர்ஸ் எடுங்கள். க்ரூகரில் யானை காரைப் புரட்டிப் போட்ட சம்பவங்கள் உண்டு.

நண்பர் சொன்னது பாதி சரி. கைடின் கண் பழகிய கண். ஆனால் சிறுத்தையைக் காட்டிக்கொடுக்க இம்பாலா மான்களே போதும். அவை மேயாமல் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, மூக்கால் சீறி நின்றால், நீங்களும் அந்தப் பக்கமே பார்த்துக் காத்திருங்கள். முதல் நாள் இம்பாலாவுக்கு நிற்கிறவர்கள் இரண்டாம் நாள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நஷ்டம் அவர்களுக்கு. முதுமலையில் வனத்துறை வண்டியில் ஏறி, நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லாமல் சுற்றியவர்களுக்கு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதே பெரிய வசதி. ஆனால் இருட்டிய பிறகு நீங்கள் ஓட்ட முடியாது. அதற்காக ஒரே ஒரு மாலை, கேம்பிலிருந்து பூங்கா நடத்துகிற சன்செட் டிரைவில் இடம் போடுங்கள். திறந்த வண்டி, குளிர் எலும்பைத் துளைக்கும். ஸ்வெட்டர், குல்லா கட்டாயம். சின்னப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு, முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

க்ரூகர் மலேரியாப் பகுதி. ஆகஸ்டில் ஆபத்து குறைவு என்றாலும் பிள்ளைகளுக்காக டாக்டரைக் கேளுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறீர்கள், அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறீர்கள் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கவனித்தால் பிரச்சினை இல்லை. குடிலில் நீங்களே சமைத்துச் சாப்பிடலாம். புளிசாதம் கிளறி வாசல் மேஜையில் வைத்துவிட்டு மட்டும் உள்ளே போகாதீர்கள், வெர்வெட் குரங்குகள் நம் ஊர்க் குரங்குகளுக்குச் சளைத்தவை அல்ல.

முன்பதிவு 11 மாதத்துக்கு முன்பே திறந்துவிடுகிறது, லோயர் சாபி சீக்கிரம் நிரம்பிவிடும். இப்போது இடம் இல்லை என்றால் ஸ்குகுசா பாருங்கள், அல்லது தினமும் இணையதளத்தில் நோட்டம் விடுங்கள். ரத்தாகிற அறைகள் வந்துகொண்டே இருக்கும். பெர்க்-என்-டால், லெட்டாபா, பூண்டா மரியா அறைகளை நீங்களும் இந்த வாரமே ரத்து செய்துவிடுங்கள். நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் அதிகமாகும்.