ஒன்றரை வயதுப் பையனுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு: பதில்

ஆறேழு முறை தண்ணீராகப் போகிறது, ஆனால் காய்ச்சல் இல்லை, விளையாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் வைரஸ் வேலைதான் சகோதரி. பொதுவாக 5 முதல் 7 நாள் இருக்கும். சில பிள்ளைகளுக்கு இரண்டு வாரம்கூட இழுக்கும்.

மருந்துக்கடையில் கொடுத்த, போக்கை நிறுத்தும் மாத்திரை வேண்டவே வேண்டாம். ஓ.ஆர்.எஸ். (இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) போதும். ஆனால் பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கரைப்பது பல வீடுகளில் நடக்கிறது. உப்பு கூடினால் ஆபத்து. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கொட்டிக் கலக்குங்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பழச்சுவை டெட்ரா பேக் பானங்களில் சர்க்கரை அதிகம், போக்கைக் கூட்டும்.

அப்புறம், மாமியார் சொல்கிறார் என்று பட்டினி போடாதீர்கள். தாய்ப்பால், குழைந்த தயிர்சாதம், இட்லி, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். டாக்டர் துத்தநாக (ஜிங்க்) மருந்து எழுதிக்கொடுத்தால், போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, கண்ணீர் வராமல் அழுகிறான், துவண்டு கிடக்கிறான், குடிப்பதெல்லாம் வாந்தியாகிறது: இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.